டிஸ்கவுண்ட் பிளானும் ஹெல்த் இன்சூரன்ஸும்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியத்தை முதல் தடவை பார்க்கும் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும். அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு, குறைந்த விலையில் ஏதாவது கிடைக்குமா என்று இணையத்தில் தேடி, கண்ணில் பட்ட ஒரு படிவத்தில் போன் நம்பரைக் கொடுத்துவிட்டால் போதும், அழைப்பு மேல் அழைப்பாக வரத் தொடங்கும். மாதம் 49 டாலர்தான், குடும்பம் முழுவதற்கும் போதும், ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் இருந்தாலும் பரவாயில்லை, டாக்டர், பல், கண், மருந்து எல்லாம் அடக்கம் என்பார்கள்.

அப்படி விற்கப்படுவது பெரும்பாலும் மெடிக்கல் டிஸ்கவுண்ட் பிளான். அது இன்சூரன்ஸ் கிடையாது. முறையாக நடக்கும் டிஸ்கவுண்ட் பிளான்கள் உண்டு. பல் வைத்தியம் போன்ற சில செலவுகளில் அவை இன்சூரன்ஸைவிட லாபமாகக்கூட இருக்கும். ஆனால் இன்சூரன்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் அதை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்தால், ஒரே பில்லில் பல வருடச் சேமிப்பு போய்விடும். வேலை விசாவில் வந்தவர்கள், படிக்க வந்தவர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைப்பவர்கள் ஆகியோர் காசு கட்டுவதற்கு முன் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதியிருக்கிறேன்.

1. பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பாருங்கள்

டிஸ்கவுண்ட் பிளானில் நீங்கள் ஒரு கம்பெனிக்கு மாதச் சந்தாவோ வருடச் சந்தாவோ கட்டுகிறீர்கள். அந்தக் கம்பெனி சில டாக்டர்களோடும் கிளினிக்குகளோடும் பேசி வைத்திருக்கிறது. கார்டைக் காட்டினால் அவர்கள் தங்கள் விலையில் ஒரு பகுதியைக் குறைப்பார்கள். குறைத்தது போக மீதி முழுவதையும் அங்கேயே, அப்போதே, நீங்கள்தான் கட்ட வேண்டும். பிளான் கம்பெனி டாக்டருக்கு ஒரு சென்ட்கூடக் கொடுப்பதில்லை. அதனால்தான் ‘ஏற்கெனவே இருக்கும் நோய் பரவாயில்லை’ என்று அவர்களால் தாராளமாகச் சொல்ல முடிகிறது. உங்கள் நோயால் அவர்களுக்கு எந்தச் செலவும் இல்லை.

இன்சூரன்ஸில் நீங்கள் பிரீமியம் கட்டுகிறீர்கள். வைத்தியம் நடந்தால் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு கிளெய்ம் அனுப்பும். உங்கள் பங்கு போக மீதியைக் கம்பெனி கட்டும். உங்கள் பங்கு எவ்வளவு என்பதை நான்கு சொற்கள் தீர்மானிக்கின்றன. வருடத்தில் முதலில் நீங்களே செலவழிக்க வேண்டிய தொகை டிடக்டிபிள். ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போதும் கட்டும் நிர்ணயமான தொகை கோ-பே. டிடக்டிபிள் முடிந்த பிறகு பில்லில் நீங்கள் பகிர்ந்துகொள்ளும் சதவீதம் கோ-இன்சூரன்ஸ். நான்காவது, அவுட்-ஆஃப்-பாக்கெட் மேக்ஸிமம். நெட்வொர்க்குக்குள், அதாவது கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்களிடமும் ஆஸ்பத்திரிகளிலும் நடக்கும், பிளானில் அடங்கிய வைத்தியத்துக்கு ஒரு வருடத்தில் உங்கள் கையை விட்டுப் போகக்கூடிய அதிகபட்சத் தொகை இது. அதைத் தொட்டுவிட்டால் அந்த வருடம் மீதிச் செலவு முழுவதும் கம்பெனி தலையில். இந்த உச்சவரம்பைச் சட்டமே கட்டுப்படுத்துகிறது. 2025-ல் தனிநபருக்கு 9,200 டாலர், குடும்பத்துக்கு 18,400 டாலருக்கு மேல் வைக்கக் கூடாது என்று இருந்தது. பல கம்பெனி பிளான்களில் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

பிளானை வாங்கச் சொல்பவரிடம் முதலில் இந்த நான்காவது எண்ணைத்தான் கேளுங்கள்: ‘என் செலவு எந்தத் தொகையில் நிற்கும்?’ டிஸ்கவுண்ட் பிளானில் அதற்குப் பதில் கிடையாது.

2. ஒரே ஆபரேஷனை இரண்டு கணக்கில் போட்டுப் பாருங்கள்

நள்ளிரவில் அப்பெண்டிசைட்டிஸ் வலி. எமர்ஜென்சி ரூம், ஸ்கேன், ஆபரேஷன், இரண்டு நாள் படுக்கை. ஆஸ்பத்திரியின் பட்டியல் விலை 45,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இது புரிவதற்காக நான் போட்ட எண். உண்மைத் தொகை ஊருக்கு ஊர், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும்.

டிஸ்கவுண்ட் கார்டு வைத்திருக்கிறீர்கள். பல கார்டுகளில் ஆஸ்பத்திரி அட்மிஷனுக்குச் சலுகையே கிடையாது. உங்கள் நல்ல நேரம், 25 சதவீதம் குறைக்கிறார்கள் என்றே வைப்போம். நீங்கள் கட்ட வேண்டியது 33,750 டாலர். அதோடு முடியாது. இங்கே ஆபரேஷன் செய்த சர்ஜன், மயக்க மருந்து கொடுத்தவர், ஸ்கேனைப் பார்த்து ரிப்போர்ட் எழுதியவர் என்று ஒவ்வொருவரும் தனித்தனி பில் அனுப்புவது சகஜம். அவர்கள் உங்கள் கார்டின் பட்டியலில் இல்லையென்றால் அந்த பில்களுக்குச் சலுகையும் இல்லை.

இன்சூரன்ஸ் இருக்கிறது. டிடக்டிபிள் 2,000, கோ-இன்சூரன்ஸ் 20 சதவீதம், உச்சவரம்பு 6,500 என்று வைப்போம். முதலில் நடப்பது, அந்த 45,000 என்ற பட்டியல் விலையே செல்லாமல் போவது. ஆஸ்பத்திரியோடு கம்பெனி ஏற்கெனவே பேசிய ஒப்பந்த விலைதான் கணக்குக்கு வரும். அது 20,000 என்று கொள்ளுங்கள். முதல் 2,000 உங்களுடையது, மீதி 18,000-ல் 20 சதவீதம் 3,600, ஆக மொத்தம் 5,600 டாலர். அதே வருடம் வேறொரு பெரிய நோய் வந்தால் உச்சவரம்பைத் தொட இன்னும் 900 டாலர்தான் பாக்கி. அதன்பின் நெட்வொர்க்குக்குள் எவ்வளவு செலவானாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.

புதிதாக வந்தவர்களிடம் நான் மறுபடி மறுபடி சொல்வது இந்த ஒப்பந்த விலையைப் பற்றித்தான். ‘டிடக்டிபிள் முடியும்வரை எல்லாம் நானே கட்டுகிறேன், அப்புறம் இன்சூரன்ஸ் எதற்கு?’ என்று பலர் கேட்கிறார்கள். டிடக்டிபிள் முடியாத காலத்திலும் நீங்கள் கட்டுவது பேசி முடித்த விலையைத்தான். கிளெய்ம் முடிந்த பிறகு வரும் இஓபி என்ற கணக்குத்தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். டாக்டர் கேட்ட தொகை ஒரு கட்டத்தில், அனுமதிக்கப்பட்ட தொகை அடுத்த கட்டத்தில், கம்பெனி கட்டியது ஒன்றில், நீங்கள் கட்ட வேண்டியது கடைசியில். முதல் இரண்டு கட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் டிஸ்கவுண்ட். தனியாகச் சந்தா கட்டி வாங்கச் சொல்லும் சலுகை உங்கள் இன்சூரன்ஸிலேயே அடங்கியிருக்கிறது.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் ‘நோ சர்ப்ரைசஸ் ஆக்ட்’ சட்டப்படி, எமர்ஜென்சியில் நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள டாக்டர் பார்த்தாலும் நெட்வொர்க் கணக்கில்தான் உங்களிடம் வாங்கலாம். சாலையில் வரும் ஆம்புலன்ஸுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது. இந்தப் பாதுகாப்பு இன்சூரன்ஸ் உள்ளவருக்கு. டிஸ்கவுண்ட் கார்டை நீட்டினால் கிடைக்காது.

நோய் வராமல் தடுக்கும் வைத்தியமும் கணக்கில் சேர வேண்டும். 2010-ல் வந்த அஃபோர்டபிள் கேர் ஆக்டின்படி அமையும் பிளான்களில் தடுப்பூசிகள், மேமோகிராம் என்ற மார்பகப் பரிசோதனை, 45 வயதிலிருந்து கொலோனோஸ்கோபி என்ற பெருங்குடல் பரிசோதனை போன்ற பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகளுக்கு, நெட்வொர்க்குக்குள் போனால் டிடக்டிபிளும் இல்லை, கோ-பேயும் இல்லை. இதை உபயோகிக்காமல் விடுகிற நம்மவர்கள் மிக அதிகம் என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். கட்டிய பிரீமியத்துக்கு இதையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

3. உங்கள் நிலைமைக்கு எந்த இன்சூரன்ஸ் கதவு திறந்திருக்கிறது என்று தேடுங்கள்

டிஸ்கவுண்ட் பிளான் வாங்குகிறவர்களில் பலர், தமக்கு வேறு வழியே இல்லை என்று நினைத்துத்தான் வாங்குகிறார்கள். பெரும்பாலும் வழி இருக்கும், கெடு தேதிதான் தெரிந்திருக்காது.

வேலைக்கு வந்தவர்கள் எச்ஆரிடம் முதல் வாரமே இரண்டு தேதிகளைக் கேட்டு வாங்குங்கள்: இன்சூரன்ஸ் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது, பதிவு செய்யக் கடைசி நாள் எது. தகுதி உள்ள ஊழியரை 90 நாளுக்கு மேல் காத்திருக்க வைக்கக் கூடாது என்பது சட்டம். மனைவியோ கணவரோ குழந்தையோ பிறகு வந்து சேர்ந்தால் அல்லது குழந்தை பிறந்தால், அவர்களைச் சேர்க்க உங்களுக்குக் குறுகிய காலம்தான் உண்டு. குழந்தை பிறப்புக்கும் திருமணத்துக்கும் கம்பெனி பிளான்கள் குறைந்தது 30 நாள் தர வேண்டும். பல இடங்களில் அவ்வளவுதான் தருகிறார்கள். 31-வது நாள் போய் நின்றால், அடுத்த ஓபன் என்ரோல்மென்ட் என்ற வருடாந்தரப் பதிவுக் காலம் வரை காத்திருக்கச் சொல்லிவிடுவார்கள்.

கம்பெனி இன்சூரன்ஸ் இல்லையென்றால் மார்க்கெட்ப்ளேஸ் என்ற அரசின் இன்சூரன்ஸ் சந்தை. ஹெல்த்கேர்.கவ் தளத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் மாநிலத்துக்குத் தனித் தளம் இருந்தால் அங்கே அதுவே அனுப்பி வைக்கும். தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இணைப்புகளைத் தொடாதீர்கள். பெயரும் நிறமும் அரசுத் தளம் போலவே இருக்கும், உள்ளே போனால் போன் நம்பர் கேட்கும். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற விசாக்களில் சட்டப்படி வசிப்பவர்கள் மார்க்கெட்ப்ளேஸில் பிளான் வாங்கலாம். பொதுப் பதிவு நவம்பர் 1-ல் தொடங்கும். ஆனால் வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிவந்தவர்களுக்கு, வந்த நாளிலிருந்து 60 நாள் சிறப்புப் பதிவுக் காலம் உண்டு. வேலை போய் இன்சூரன்ஸ் நின்றாலும் அதே 60 நாள். வருமானத்தைப் பொறுத்து பிரீமியத்துக்கு வரிச்சலுகையாக உதவி கிடைக்கலாம். 2025-ல் வந்த சட்டம் இதை 2027 ஜனவரி முதல் மாற்றுகிறது. தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு அந்த உதவி அதன்பின் கிடைக்காது. ஆகவே, முன்பு உதவி வாங்கிய நண்பர் சொன்ன பிரீமியத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

வேலை போனவர்களுக்கு கோப்ரா என்ற ஏற்பாடும் இருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனியாக இருந்தால், பழைய இன்சூரன்ஸையே வழக்கமாக 18 மாதம் வரை தொடரலாம். கம்பெனி கட்டிய பங்கையும் சேர்த்து, 102 சதவீதம் வரை நீங்களே கட்ட வேண்டும் என்பதால் விலை கனமாகத்தான் இருக்கும். முடிவெடுக்க 60 நாள் தருகிறார்கள். அதற்குள் எடுத்து, விட்டுப்போன பிரீமியத்தையும் கட்டிவிட்டால் இன்சூரன்ஸ் நின்ற நாளிலிருந்தே பின்தேதியிட்டுச் செல்லும். வேலை இழந்த முதல் வாரப் பதற்றத்தில் யாரோ விற்கும் கார்டை வாங்காமல் இருக்க இந்த ஒரு தகவலே போதும்.

மாணவர்கள் பல்கலைக்கழக இன்சூரன்ஸ் விதியைப் படியுங்கள். வெளியே இன்சூரன்ஸ் எடுத்து விலக்குக் கேட்கும்போது டிஸ்கவுண்ட் கார்டு அங்கே செல்லாது. ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் வருபவர்களுக்கு மத்திய அரசே அளவு வைத்திருக்கிறது: ஒரு நோய் அல்லது விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர் காப்பு, நோயாளியை ஊருக்கு அனுப்ப 50,000, உடலை அனுப்ப 25,000, டிடக்டிபிள் 500-க்கு மேல் கூடாது.

கலிஃபோர்னியா, நியூ ஜெர்ஸி, மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், வாஷிங்டன் டிசி ஆகிய இடங்களில் வசிப்பவர்களுக்கு இன்னொன்று. மத்திய அரசின் அபராதம் 2019 முதல் பூஜ்யமாகிவிட்டாலும், இந்த இடங்களில் தகுந்த இன்சூரன்ஸ் இல்லாதவருக்கு வரித் தாக்கலின்போது அபராதம் விழும். டிஸ்கவுண்ட் கார்டு இன்சூரன்ஸாகக் கணக்கில் வராது.

சுற்றுலா விசாவில் வரும் பெற்றோருக்கு மார்க்கெட்ப்ளேஸ் கிடையாது. அவர்களுக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். அதில் இரண்டு வகை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இத்தனை டாலர் என்று பட்டியல் போட்டுத் தரும் நிர்ணயத் தொகை பிளான் மலிவு. டிடக்டிபிள் போக பில்லில் பெரும்பகுதியை உச்சவரம்பு வரை கட்டும் காம்ப்ரிஹென்சிவ் பிளான் விலை கூடுதல். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஏற்கெனவே உள்ள நோய் திடீரென்று தீவிரமானால் என்ன தருகிறார்கள், வயது வரம்பு எவ்வளவு என்ற இரண்டு பத்திகளை மட்டுமாவது முழுக்கப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

4. டிஸ்கவுண்ட் பிளான் எங்கே உண்மையில் உதவும்

பல் வைத்தியத்தில். அமெரிக்காவில் பெரியவர்களுக்கான பல் வைத்தியம் பொதுவாக ஹெல்த் இன்சூரன்ஸில் சேராது. தனியாக டென்டல் இன்சூரன்ஸ் வாங்கினால் வருடத்துக்கு 1,000 முதல் 2,000 டாலர் வரைதான் கட்டுவோம் என்று கம்பெனியே எல்லை வைத்திருப்பது சகஜம். மெடிக்கல் இன்சூரன்ஸில் எல்லை உங்கள் செலவுக்கு. இங்கே எல்லை கம்பெனியின் செலவுக்கு. அப்படியே தலைகீழ். கிரவுன் போன்ற பெரிய வேலைக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ காத்திருக்கச் சொல்லும் பிளான்களும் நிறைய. டென்டல் டிஸ்கவுண்ட் பிளானில் காத்திருப்பும் இல்லை, வருட எல்லையும் இல்லை. இந்த மாதமே ரூட் கனால் செய்தாக வேண்டியவருக்கு, இன்சூரன்ஸும் இல்லாவிட்டால், அது நல்ல தேர்வாக இருக்கலாம்.

எப்படிச் சரிபார்ப்பது? பல் டாக்டர் கொடுக்கும் ட்ரீட்மென்ட் பிளானில் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ‘டி’ என்று தொடங்கும் நான்கு இலக்கக் குறியீடு இருக்கும். டி3330 கடைவாய்ப் பல்லின் ரூட் கனால், டி2740 பீங்கான் கிரவுன். இந்தக் குறியீடுகளோடு பிளானின் கட்டணப் பட்டியலைப் பாருங்கள். பிறகு நீங்களே கிளினிக்குக்கு போன் செய்து, ‘இந்தப் பெயருள்ள டிஸ்கவுண்ட் பிளானை இப்போது எடுத்துக்கொள்கிறீர்களா? அந்தப் பிளானில் டி2740-க்கு எவ்வளவு? கார்டே இல்லாமல் கையில் காசு கட்டினால் எவ்வளவு?’ என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம். இன்சூரன்ஸ் இல்லாதவருக்கு செல்ஃப்-பே விலை என்று பல கிளினிக்குகள் தாமாகவே குறைத்துத் தருகின்றன. சில பல் கிளினிக்குகள் தங்களுக்கென்றே வருடச் சந்தா திட்டமும் வைத்திருக்கின்றன. கார்டு விலைக்கும் செல்ஃப்-பே விலைக்கும் வித்தியாசம் சந்தாத் தொகையைவிடக் குறைவாக இருந்தால் கார்டு வேண்டியதே இல்லை.

பட்டியல் விலை 1,500, கார்டில் 30 சதவீதத் தள்ளுபடி என்றால் 1,050. வருடச் சந்தா 150 சேர்த்தால் 1,200. அதே கிளினிக் செல்ஃப்-பேயாக 1,150 சொன்னால் கார்டு வாங்கியதில் 50 டாலர் நஷ்டம். ‘60 சதவீதம் வரை’ என்ற விளம்பரத்தில் ‘வரை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எந்த விலையில் 60 சதவீதம் என்பதையும் கேளுங்கள்.

மருந்துக் கார்டு வேறு கதை. குட்ஆர்எக்ஸ் போன்றவற்றை இலவசமாகவே பயன்படுத்தலாம், சந்தா கட்டத் தேவையில்லை. இன்சூரன்ஸ் இருப்பவர்களும் ஜெனரிக் மருந்து வாங்கும்போது ஃபார்மசியில் இரண்டு விலையையும் கேட்டு, குறைந்ததைக் கட்டலாம். ஒரு மருந்துக்கு இன்சூரன்ஸ், கார்டு இரண்டில் ஒன்றைத்தான் போட முடியும். கார்டில் கட்டிய தொகை பொதுவாக டிடக்டிபிளில் சேராது. அதனால் வருடம் முழுவதும் விலை உயர்ந்த மருந்து சாப்பிடுபவர்கள் இன்சூரன்ஸ் வழியாகப் போவதே பெரும்பாலும் சரி. இலவசக் கார்டுக்கு உங்கள் தகவல்தான் விலையாகலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும். பயனர்களின் உடல்நலத் தகவலை விளம்பர நிறுவனங்களோடு பகிர்ந்ததற்காக 2023-ல் மத்திய வர்த்தக ஆணையமான எஃப்டிசி எடுத்த நடவடிக்கையில் குட்ஆர்எக்ஸ் 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவற்றுக்கும் டிஸ்கவுண்ட் பிளான் ஒத்துவரும். அங்கும் கார்டு இல்லாத விலையை முதலில் கேளுங்கள்.

5. போனில் விற்பவரிடம் பேசும்போது

நேர்மையாக நடக்கும் டிஸ்கவுண்ட் பிளான் தன்னை இன்சூரன்ஸ் என்று சொல்லிக்கொள்ளாது. பல மாநிலங்களில், இது இன்சூரன்ஸ் அல்ல என்பதைத் தெளிவாக அச்சிட வேண்டும் என்றே சட்டம் இருக்கிறது. அப்படிச் சொல்லாமல் ‘பெனிஃபிட்ஸ் பேக்கேஜ்’, ‘மெம்பர்ஷிப்’, ‘பிபிஓ நெட்வொர்க் ஆக்சஸ்’ என்று சுற்றி வளைத்தால் உஷாராகுங்கள். பிபிஓ என்பது ஒரு வகை இன்சூரன்ஸ் பிளானின் பெயர், அதனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு இன்சூரன்ஸ் நினைவுதான் வரும். அதற்காகவே அதைச் சொல்கிறார்கள்.

இது கற்பனைப் பயம் இல்லை. ஃபுளோரிடாவில் இயங்கிய சிம்பிள் ஹெல்த் என்ற நிறுவனம், டிஸ்கவுண்ட் மெம்பர்ஷிப்பையும் மிகக் குறைந்த தொகை தரும் பிளான்களையும் முழு இன்சூரன்ஸ் என்று சொல்லி விற்றதாக 2018-ல் எஃப்டிசி வழக்குத் தொடுத்தது. 2024-ல் ஃபெடரல் நீதிமன்றம் 19.5 கோடி டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. ஏமாந்த பலருக்கு விஷயம் தெரிந்ததே ஆஸ்பத்திரி பில் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

விற்பவரிடம் எஸ்பிசி அனுப்பச் சொல்லுங்கள். ‘சம்மரி ஆஃப் பெனிஃபிட்ஸ் அண்ட் கவரேஜ்’ என்ற இந்தத் தாள் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே வடிவத்தில் இருக்கும். டிடக்டிபிள் எவ்வளவு, செலவின் உச்சவரம்பு எவ்வளவு என்பது முதல் பக்கத்திலேயே கேள்வி பதிலாக வரும். பிரசவத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மாதிரிக் கணக்கும் கடைசியில் இருக்கும். முழு ஹெல்த் இன்சூரன்ஸ் விற்பவர் இதைக் கொடுத்தே ஆக வேண்டும். ‘பணம் கட்டினால்தான் தாள்கள் வரும்’ என்றாலோ, ‘இந்த விலை இன்றைக்கு மட்டும்’ என்றாலோ, பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வங்கி எண்ணையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் அதுவரை வாயால் சொல்ல வேண்டாம்.

கம்பெனியின் முழுப் பெயர், லைசன்ஸ் எண் இரண்டையும் வாங்கி உங்கள் மாநில இன்சூரன்ஸ் துறைக்கு போன் செய்து கேளுங்கள். டிஸ்கவுண்ட் பிளான் கம்பெனிகளுக்கும் லைசன்ஸோ பதிவோ கட்டாயமாக்கிய மாநிலங்கள் பல. விற்பவர் சொன்ன டாக்டர் பட்டியலை நம்பாமல் டாக்டர் ஆபீஸை நீங்களே அழையுங்கள். கார்டின் பெயரைக் கேட்டதும் ‘அப்படி ஒன்று தெரியாதே’ என்று ரிசப்ஷனில் சொன்னால் அந்தப் பிளானுக்கு அதுவே போதுமான பதில்.

நாளொன்றுக்கு இத்தனை என்று ஆஸ்பத்திரிப் பணம் தரும் நிர்ணயத் தொகை பாலிசியையும் டிஸ்கவுண்ட் கார்டையும் ஒன்றாகக் கட்டி விற்கிறவர்களும் உண்டு. அந்தப் பாலிசி சட்டப்படி இன்சூரன்ஸ்தான், ஆனால் நாளுக்கு 200 டாலர் தரும் பாலிசி ஆயிரக்கணக்கில் வரும் படுக்கைக் கட்டணத்தில் ஓர் ஓரத்தைத்தான் தொடும்.

6. ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால்

முதலில் மெம்பர்ஷிப் ஒப்பந்தத்தில் ரத்து செய்யும் பத்தியைப் பாருங்கள். பல மாநிலங்களில் 30 நாளுக்குள் ரத்து செய்தால் சந்தாவைத் திருப்பித் தர வேண்டும். போனில் சொன்னால் போதாது. தேதி போட்டு எழுதி அனுப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். பணம் தொடர்ந்து எடுக்கப்பட்டால் வங்கியில் அல்லது கிரெடிட் கார்டு கம்பெனியில் டிஸ்ப்யூட் போடுங்கள். இன்சூரன்ஸ் என்று பொய் சொல்லி விற்றிருந்தால் மாநில இன்சூரன்ஸ் துறையிலும், ரிப்போர்ட்ஃபிராட்.எஃப்டிசி.கவ் தளத்திலும் புகார் கொடுங்கள். புகார் கொடுத்தால் விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏமாற்றப்பட்ட நுகர்வோர் புகார் கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை, கொடுங்கள்.

7. இன்சூரன்ஸ் இல்லாத இடைவெளியில் உடம்புக்கு முடியாமல் போனால்

உயிருக்கு ஆபத்தான நிலைமையென்றால் தயங்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். மெடிகேர் என்ற முதியோருக்கான அரசு இன்சூரன்ஸை ஏற்கும் எந்த ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சி ரூமும், காசு கட்ட முடியுமா, என்ன விசா என்று பார்க்காமல் பரிசோதித்து, நிலைமையைச் சீராக்க வேண்டும் என்பது 1986-லிருந்து உள்ள எம்டாலா சட்டம். பில் பின்னால் வரும், ஆனால் வாசலில் திருப்பி அனுப்ப முடியாது.

அவசரமில்லாத வைத்தியத்துக்கு, அரசு நிதியில் நடக்கும் கம்யூனிட்டி ஹெல்த் சென்டரைத் தேடுங்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 1,400 அமைப்புகள் இப்படி நடக்கின்றன. வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் குறையும். அதற்குச் சந்தாவும் கிடையாது, கார்டும் கிடையாது. வருமானச் சான்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

முன்கூட்டியே தேதி குறித்த சிகிச்சை என்றால், இன்சூரன்ஸ் இல்லாதவருக்கும் செல்ஃப்-பே செய்பவருக்கும் எழுத்தில் செலவு மதிப்பீடு தர வேண்டும் என்று மேலே சொன்ன ‘நோ சர்ப்ரைசஸ்’ சட்டம் சொல்கிறது. ‘குட் ஃபெய்த் எஸ்டிமேட்’ என்று கேளுங்கள். அந்த மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடுதலாக பில் வந்தால், பில் தேதியிலிருந்து 120 நாளுக்குள் முறையீடு செய்யலாம். மதிப்பீட்டுத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள்.

பெரிய ஆஸ்பத்திரி பில் ஏற்கெனவே கையில் இருந்தால், பணத்தைப் புரட்டுவதற்கு முன் பில்லிங் ஆபீஸில் ‘ஃபைனான்ஷியல் அசிஸ்டன்ஸ்’ விண்ணப்பம் கேளுங்கள். லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரிகள் எழுத்தில் உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு வரும் முதல் பில்லிலிருந்து குறைந்தது 240 நாள் வரை விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பதை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தானே வகுத்துக்கொள்கிறது. அதனால் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். அதோடு வரி வரியாகப் பிரித்த பில்லும் கேட்டு வாங்கி, நடக்காத பரிசோதனையோ இரண்டு முறை போட்ட மருந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது கிரெடிட் கார்டில் தேய்த்துக் கட்டிவிட வேண்டாம். அது ஆஸ்பத்திரிக் கடனாக இருக்கும்வரைதான் குறைக்கச் சொல்லிக் கேட்க முடியும்.